மாத்திரையைக் குறைத்தால் முடி குறையுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 26. எட்டு மாதத்துக்கு முன் கிட்னி மாற்று ஆபரேஷன் நடந்தது. அம்மாதான் கொடுத்தார். கிட்னியை உடம்பு ஒதுக்காமல் இருக்க சைக்ளோஸ்போரின், மைக்கோஃபீனலேட், பிரெட்னிசலோன் சாப்பிடுகிறேன், பி.பி.க்கு அம்லோடிபின். மூன்றாவது மாதத்திலிருந்து நெற்றி, கன்னம், காது ஓரம், கை, முதுகு என்று எங்கு பார்த்தாலும் முடி. புருவம் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. செக்கப்பில் ஒருமுறை சொன்னேன். “கிட்னி நல்லா வேலை செய்யுது, அதைப் பாருங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் “உயிர் பிழைத்ததே பெரிது, முடிக்குப் போய் அழுவாயா” என்கிறார்கள். மூன்று வாரமாக இரவு வேளை சைக்ளோஸ்போரினை மட்டும் போடுவதில்லை. போன வாரம் ரத்தப் பரிசோதனை வந்தது, அதற்கு முந்தின இரண்டு நாள் மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஆனால் முடி கொஞ்சமும் குறையவில்லை. இது தானாகப் போகுமா? ஷேவ் செய்தால் இன்னும் அடர்த்தியாகுமா? லேசர் செய்யலாமா?

பதில்: இன்றைக்கு ராத்திரி மாத்திரையைப் போடுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம். எழுதிக்கொடுத்த அளவு, எழுதிக்கொடுத்த நேரம், அவ்வளவுதான். விட்டதை ஈடுகட்டுகிறேன் என்று இரண்டு வேளையைச் சேர்த்து விழுங்கிவிடாதீர்கள். நாளை காலை முதல் வேலையாக உங்கள் டிரான்ஸ்பிளாண்ட் டாக்டருக்குப் போன் செய்து, எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். அடுத்த செக்கப் வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும், ரத்தத்தில் மருந்தின் லெவலையும் உடனே பார்த்தாக வேண்டும். சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, புதுக் கிட்னி இருக்கும் இடத்தில் வலித்தாலோ காலை வரைகூடக் காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

போன் செய்வேன் என்று முடிவு செய்துவிட்டீர்களா? சரி, இனி நிதானமாகப் பேசலாம்.

உங்களைத் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இல்லம்மா. கடிதத்தில் “யாருக்கும் தெரியாது” என்ற அர்த்தத்தில் ஒரு வரி வந்ததே, அதைப் படித்ததும் எனக்கு என் ஆரம்ப காலம் ஞாபகம் வந்தது. கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, உங்களைவிடச் சின்னவள், இதே மருந்து, இதே பிரச்னை. கையை நீட்டிக் காட்டினாள். நான் ரிப்போர்ட்டிலிருந்து தலையைத் தூக்காமலே “கிரியாட்டினின் 1.1, சந்தோஷப்படு” என்றேன். அப்போது அது நல்ல பதில் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் முடியைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வருவாள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்பாள். ஒரு வருடம் கழித்து கிரியாட்டினின் ஏறி, பயாப்ஸி எடுத்து, அதற்கப்புறம்தான் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்தக் கிட்னியைக் காப்பாற்ற முடியவில்லை. அன்றைக்கு நான் இரண்டு நிமிடம் அந்தக் கையைப் பார்த்திருந்தால் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இப்போதெல்லாம் சைக்ளோஸ்போரின் எழுதும்போதே “முடி வளரும், ஈறு தடிக்கும், தொந்தரவாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள்” என்று சொல்லிவிடுகிறேன்.

முகம் மாறிப்போவது சின்ன விஷயம் இல்லை. காலையில் கண்ணாடியில் வேறு யாரோ தெரிகிற மாதிரி இருப்பது எப்படி இருக்கும் என்று தெரியாமல், அதை அனுபவிக்காதவர்கள் சுலபமாக “உயிர் பிழைத்ததே பெரிது” என்று சொல்லிவிடலாம். இரண்டுமே உண்மைதான், உயிர் பிழைத்ததும் பெரிதுதான், முகம் மாறியதும் வருத்தம்தான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை வாயடைக்கத் தேவையில்லை. டிரான்ஸ்பிளாண்ட் செய்துகொண்ட வளரிளம் பருவத்தினரும் இளைஞர்களும் மருந்தை நிறுத்துவதற்கான காரணங்களில் தோற்ற மாற்றமும் ஒன்று என்பது எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்தும் நாங்கள் கேட்பதில்லை. அது எங்கள் தப்பு.

இப்போது அந்த இரவு வேளை விஷயம். உங்கள் உடம்பைப் பொறுத்தவரை அம்மாவின் கிட்னி அந்நியப் பொருள்தான், அன்பெல்லாம் எதிர்ப்பாற்றலின் படைவீரனான டி செல்லுக்குத் தெரியாது. அந்த டி செல்கள் கிளம்புவதற்கு கால்சிநியூரின் என்ற ஒரு நொதி வேலை செய்தாக வேண்டும். சைக்ளோஸ்போரின் அதைப் பிடித்து நிறுத்திவைக்கிறது, ஆனால் ரத்தத்தில் இருக்கும் வரைதான் அந்தப் பிடி. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பது அதற்காகத்தான். இரவு வேளையை விட்டால் ஒவ்வொரு நாளும் பல மணி நேரம் காவலே இல்லாத மாதிரி. ரிஜெக்‌ஷன் (உடம்பு புதுக் கிட்னியைத் தாக்குவது) பெரும்பாலும் சத்தம் போட்டுக்கொண்டு வராது. வலி இருக்காது, சிறுநீர் பழையபடி போகும், முகம் தெளிவாக இருக்கும், ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் மட்டும் மெல்ல ஏறும். சில சமயம் அதற்கும் முன்பே கிட்னிக்கு எதிரான ஆன்டிபாடிகள் உருவாகிவிடும், அவை ஒருமுறை வந்துவிட்டால் விரட்டுவது பெரும்பாடு. மூன்று வாரத்தில் உங்களுக்கு அப்படி ஆகியிருக்கும் என்று சொல்லவில்லை. ஆகியிருக்கிறதா என்று இப்போதே பார்த்தால்தான் சரிசெய்ய வாய்ப்பு உண்டு என்கிறேன்.

ரத்தப் பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் ஒழுங்காகப் போட்டுக்கொண்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தந்திரம் பழையது, நீங்கள் கண்டுபிடித்தது இல்லை. காலை மாத்திரைக்கு முன்னால் எடுக்கும் அந்த ரத்தம் கடைசி ஓரிரு நாளின் கதையைத்தான் சொல்லும், அதனால் லெவல் சரியாக வந்திருக்கும், உங்கள் டாக்டரும் திருப்தியாக அனுப்பியிருப்பார். ஆனால் இதிலேயே இன்னொரு பொறி இருக்கிறது, அதை யோசித்திருக்க மாட்டீர்கள். ஒருநாள் தந்திரம் தவறி, லெவல் குறைவாக வந்தது என்று வையுங்கள். இந்த அளவு இவருக்குப் போதவில்லை என்றுதான் டாக்டர் நினைப்பார், டோஸைக் கூட்டுவார். அப்புறம் நீங்கள் மனம் மாறி ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால் தேவைக்கு மேல் மருந்து ஏறும். சைக்ளோஸ்போரின் அதிகமானால் அதுவே கிட்னியைக் கெடுக்கும், பி.பி.யை ஏற்றும், முடியையும் இன்னும் வளர்க்கும். முடியைக் குறைக்கப் போய் முடியைக் கூட்டிக்கொண்ட கதை ஆகிவிடும்.

“குறைத்தும் முடி குறையவில்லையே” என்கிறீர்கள். மூன்று வாரத்தில் குறையாதும்மா. மருந்தை முழுக்க நிறுத்தினாலும் குறையாது. ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் முடி தன் சுற்றை முடித்து உதிர வேண்டும், அதற்குச் சில மாதம் ஆகும். ஆக இந்த மூன்று வாரத்தில் உங்களுக்கு லாபம் எதுவுமே இல்லை, ஆபத்து மட்டும்தான் மிச்சம். இதை முன்பே யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஏன் இந்த மருந்து முடியை வளர்க்கிறது? கொஞ்சம் சுவாரசியமான விஷயம்தான், பொறுமை இருந்தால் படியுங்கள். சைக்ளோஸ்போரின் ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சை, ஸ்விட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் 1970-களில் அதை ஆராய்ந்தபோதுதான் எதிர்ப்பாற்றலை அடக்கும் குணம் தெரிந்தது. 1978-ல் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் என்ற சர்ஜன் கிட்னி மாற்றிக்கொண்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார், 1983-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டிரான்ஸ்பிளாண்ட் என்பது தைரியசாலிகள் மட்டும் செய்யும் சோதனை முயற்சி என்ற நிலை மாறி, வழக்கமான சிகிச்சையாக ஆனதில் இந்த மருந்துக்குப் பெரிய பங்கு. முடி வளர்ச்சியும் ஆரம்பத்திலிருந்தே கூட வந்த குணம்தான்.

நம் உடம்பில் உள்ளங்கை, உள்ளங்கால், உதடு மாதிரிச் சில இடங்களைத் தவிர எல்லா இடத்திலும் மயிர்க்கால் உண்டு. கன்னத்தில் முடியே இல்லை என்று நினைப்போம், உற்றுப் பார்த்தால் பூனை முடி இருக்கும். ஒவ்வொரு மயிர்க்காலும் கொஞ்ச காலம் வளர்க்கும், பிறகு ஓய்வெடுக்கும், முடியை உதிர்க்கும், திரும்ப ஆரம்பிக்கும். தலையில் அந்த வளர்ச்சிக் காலம் வருடக் கணக்கில் ஓடும், கையிலும் கன்னத்திலும் சில மாதத்திலேயே முடிந்துவிடும், அதனால்தான் கைமுடி இடுப்பு வரை வளர்வதில்லை. சைக்ளோஸ்போரின் இந்த வளர்ச்சிக் காலத்தை நீட்டிவிடுகிறது, தூங்கிக்கொண்டிருக்கும் மயிர்க்கால்களையும் எழுப்பிவிடுகிறது. எலிகளில் செய்த ஆய்வில், மயிர்க்காலில் புது முடியை உருவாக்கும் ஸ்டெம் செல்களை ஓய்வில் வைத்திருக்கும் கட்டளையும் அதே கால்சிநியூரின் வழியாகப் போவது தெரியவந்தது. 2018-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதத் தலைமுடியின் மயிர்க்கால்களை வைத்துப் பார்த்தபோது, முடி வளர்ச்சிக்குத் தடை போடும் எஸ்.எஃப்.ஆர்.பி.1 என்ற புரதத்தை இந்த மருந்து குறைப்பதைக் கண்டார்கள். வழுக்கைக்கு மருந்து தேடுகிறவர்களுக்கு அது நல்ல செய்தி. உங்களுக்கு இல்லை, புரிகிறது.

வேடிக்கை என்னவென்றால், டாக்ரோலிமஸ் என்று இதன் பங்காளி மருந்து ஒன்று இருக்கிறது, அதுவும் இதே கால்சிநியூரினைத்தான் தடுக்கிறது, ஆனால் அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி முடி வளர்வதில்லை. சிலருக்குத் தலைமுடி கொட்டக்கூடச் செய்கிறது. இந்த மருந்தைப் பற்றிக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன், உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது.

அதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்கு முடி அதிகம் வளர்வதில் இரண்டு வகை உண்டு, இரண்டும் வேறு வேறு. ஒன்று ஆண் ஹார்மோன் சார்ந்தது: மேலுதடு, தாடை, மார்பின் நடுப்பகுதி, தொப்புளுக்குக் கீழே என்று ஆண்களுக்கு வளரும் இடங்களில் கெட்டியான முடியாக வரும், மாதவிடாய் தள்ளிப்போகும், பரு வரும். பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பைப் பிரச்னை உள்ளவர்களுக்கு வருவது பெரும்பாலும் இதுதான். இன்னொன்று மருந்தால் வருவது: நெற்றியோரம், கிருதா, கன்னம், புருவம், காது மடலின் விளிம்பு, பிடரி, தோள், முதுகு, கை என்று இடம் பார்க்காமல் எல்லா இடத்திலும் வரும், ஹார்மோனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் சொன்ன பட்டியல் அச்சு அசலாக இரண்டாவது வகை. இருந்தாலும் பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு ஆச்சே, அது தன் பங்குக்கு முகத்தில் கொஞ்சம் முடியையும் பருவையும் கொண்டுவரும். தாடையில் மட்டும் முள் மாதிரி முடி வந்தால், அல்லது மாதவிடாய் ஒழுங்கு கெட்டால், ஹார்மோன் பரிசோதனை ஒன்று செய்துகொள்வது நல்லது.

இந்த வித்தியாசத்தை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. “முகத்தில் முடி” என்று மட்டும் சொல்லி வேறு எங்காவது போய் நின்றால், ஸ்பைரனோலாக்டோன் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. முதல் வகைக்கு அது நல்ல மருந்து. உங்களுக்குப் பயன்படாது, அதோடு உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றும். சைக்ளோஸ்போரினும் பொட்டாசியத்தை ஏற்றும் மருந்து, வேலை செய்வது ஒரே ஒரு கிட்னி. பொட்டாசியம் எகிறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ஹார்மோன் மாத்திரைகளும் அப்படித்தான், சைக்ளோஸ்போரின் லெவலையும் பி.பி.யையும் ஏற்றிவிடலாம். யார் எந்த மாத்திரை எழுதினாலும், மூலிகை என்று கொடுத்தாலும், டிரான்ஸ்பிளாண்ட் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாயில் போடாதீர்கள்.

மாத்திரைச் சீட்டில் மினாக்ஸிடில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பி.பி.க்காகக் கொடுப்பார்கள், சிலர் தலைமுடிக்காகவும் சாப்பிடுகிறார்கள், உடம்பெல்லாம் முடி வளர்ப்பதில் சைக்ளோஸ்போரினுக்கு அண்ணன் அது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயினும் முடியை வளர்க்கும். நீங்கள் எழுதியதில் இரண்டும் இல்லை, ஆனால் எழுத மறந்திருக்கலாம் இல்லையா.

சரி, டாக்ரோலிமஸ். கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டு அமைப்பு, கிட்னி மாற்றிக்கொண்டவர்களுக்கு இந்த இரண்டில் டாக்ரோலிமஸையே முதலில் எடுக்கலாம் என்று 2009-லேயே சொல்லிவிட்டது. இன்று பெரும்பாலோர் அதில்தான் இருக்கிறார்கள். உங்களுக்கு சைக்ளோஸ்போரின் கொடுத்திருக்கிறார்கள் என்றால் காரணம் ஏதாவது இருக்கும், சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம் என்று நினைத்திருக்கலாம், டாக்ரோலிமஸ் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். எனக்குத் தெரியாத அந்தக் காரணத்தை நீங்கள் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தடை ஒன்றும் இல்லையென்றால், முடிக்காக ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எங்களுக்குப் புதிது இல்லை, நான் பலருக்கு மாற்றியிருக்கிறேன். மாற்றிய சில மாதங்களில் பெரும்பாலோருக்குக் கன்னமும் கையும் பழையபடி ஆகிவிடும். ஈறு தடித்திருந்தால் அதுவும் பெரும்பாலும் வற்றும்.

ஆனால் இது சட்டை மாற்றுகிற மாதிரி இல்லை. டாக்ரோலிமஸில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுதல், அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கை நடுக்கம் வரலாம், மக்னீசியம் குறையலாம், வயிறு சிலருக்குத் தொந்தரவு செய்யும், தலைமுடி கொட்டலாம் என்று முன்பே சொன்னேன். இரண்டையும் ஒரே நேரத்தில் சாப்பிடக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் கிட்னி தாங்காது. ஒன்றை நிறுத்தி, வழக்கமாக 12 முதல் 24 மணி நேரம் இடைவெளி விட்டு அடுத்ததை ஆரம்பிப்பார்கள். முதல் சில வாரம் அடிக்கடி ரத்தம் எடுத்து லெவல் பார்ப்பார்கள், ஊசிக்குச் சலித்துக்கொள்ளக் கூடாது. மைக்கோஃபீனலேட் அளவையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும், ஏனென்றால் சைக்ளோஸ்போரின் இருக்கும்போது அது ரத்தத்தில் கொஞ்சம் குறைவாகத்தான் நிற்கும், எடுத்துவிட்டால் ஏறும். இப்போது உங்கள் கிட்னியின் நிலை என்ன என்று தெரியாமல் இதில் எதையும் ஆரம்பிக்க முடியாது. நாளைய போன் அதற்கும் சேர்த்துத்தான்.

மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டால்? அப்போதும் கேட்க ஒன்று இருக்கிறது: “என் லெவல் எவ்வளவு, எட்டு மாதம் ஆன ஒருவருக்கு இருக்க வேண்டிய அளவு எவ்வளவு?” ஆரம்ப மாதங்களில் அதிகமாக வைத்திருந்துவிட்டுப் பிறகு படிப்படியாகக் குறைப்பதுதான் வழக்கம். முடி வளர்ச்சிக்கும் மருந்தின் அளவுக்கும் தொடர்பு இருப்பதால், டோஸ் இறங்கும்போது பலருக்கு முடியும் தணிகிறது. தானாகப் போகுமா என்று கேட்டீர்களே, அதே டோஸில் இருக்கும் வரை தானாகப் போகாது, டோஸ் இறங்கினால் குறையலாம். அந்த இறக்கத்தை அவர் செய்ய வேண்டும், லெவலைப் பார்த்துக்கொண்டே.

இதற்கெல்லாம் மாதங்கள் ஆகும், அதுவரை முகத்தை என்ன செய்வது? நான் முதலில் சொல்வது டிரிம்மர். சின்னதாக, முகத்துக்கென்றே வருகிற பேட்டரி டிரிம்மர். தோலை ஒட்டி இழுக்காது, வெட்டுக்காயம் வராது, இரண்டு நிமிட வேலை. உங்களுக்கு மட்டும் என்று ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், வேறு யாரும் தொடக் கூடாது. ஷேவிங்கும் செய்யலாம், புது பிளேடு, ஈரமான தோல், முடி போகும் திசையிலேயே. ஷேவ் செய்தால் அடர்த்தியாகும் என்பது உண்மை இல்லை. முடியின் நுனி இயற்கையாகக் கூர்ந்து மெலிந்திருக்கும், வெட்டினால் மொட்டையாகத் தெரியும், தடவினால் சொரசொரக்கும், அதைத்தான் தடித்துவிட்டது என்று நினைக்கிறோம். மயிர்க்கால் தோலுக்கு உள்ளே இருக்கிறது, மேலே பிளேடு போனது அதற்குத் தெரியவே தெரியாது.

த்ரெடிங் செய்வதாக இருந்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். செய்கிறவர் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்வார் பாருங்கள், அந்த எச்சில் நூல்தான் உங்கள் கன்னத்தில் ஓடுகிறது. மற்றவர்களுக்கு எப்படியோ, எதிர்ப்பாற்றலை அடக்கிவைத்திருக்கிற உங்களுக்கு அது வேண்டாம். கழுத்தில் மாட்டிக்கொண்டு செய்யச் சொல்லுங்கள், புது நூல், கை கழுவியிருக்க வேண்டும், கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். வேக்ஸிங்கை நான் இப்போதைக்கு விடச் சொல்வேன். ஸ்டீராய்டு சாப்பிடும் தோல் மெலிந்திருக்கும், பட்டையோடு தோலும் உரிந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன், மயிர்க்கால்களில் சீழ்க் கொப்புளம் வருவதும் சகஜம். முடி நீக்கும் கிரீம் என்றால் முகத்துக்கென்று எழுதியிருப்பதை மட்டும், முழங்கைக்கு உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு, எழுதியிருக்கும் நிமிடத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட வைக்காமல். பிளீச்சும் செய்யலாம்தான், ஆனால் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் பொன்னிற முடி இன்னும் எடுப்பாகத் தெரியும், பலர் செய்துவிட்டு நொந்துகொள்கிறார்கள்.

எஃப்லார்னிதின் என்று ஒரு கிரீம் உண்டு, டாக்டர் எழுதிக்கொடுத்துத்தான் வாங்க வேண்டும். காலையும் இரவும் முகத்தில் தடவினால் முடி வளரும் வேகம் குறையும். இருக்கும் முடியை எடுக்காது, டிரிம்மர் கூடவே ஓட வேண்டும். பலன் தெரிய இரண்டு மாதம் பிடிக்கலாம், நிறுத்தினால் அதே கால அளவில் பழையபடி வந்துவிடும். தோல் வழியாக ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு என்பதால் உங்கள் மருந்துகளோடு அதற்குப் பெரிதாகச் சண்டை இல்லை. குழந்தைக்குத் திட்டமிடுவதாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கிரீமுக்காக மட்டும் இல்லை, மைக்கோஃபீனலேட் கருவைப் பாதிக்கும் மருந்து, அதைப் பல வாரம் முன்பே மாற்ற வேண்டும்.

லேசர் பற்றிக் கேட்டீர்கள். இப்போது வேண்டாம் என்பதுதான் என் கருத்து. மருந்து இதே அளவில் ஓடிக்கொண்டிருக்கும்போது லேசர் செய்வது, குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற மாதிரி. நீங்கள் ஒரு மயிர்க்காலைச் சுட்டால் மருந்து பக்கத்தில் இன்னொன்றை எழுப்பும். அதோடு லேசர் கறுப்பு நிறமியைத் தேடிப் போய்ச் சுடும் கருவி, மெல்லிய முடியில் நிறமி கம்மி, கறுத்த தோலில் நிறமி அதிகம், ஆக முடிக்குப் பதில் தோல் சுட்டுப்போகும் வாய்ப்பும் உண்டு. சிலருக்கு முகத்தில் லேசர் பட்ட இடத்தைச் சுற்றி முடி கூடுதலாக வளர்ந்துவிடுவதும் நடக்கிறது. மருந்து மாற்றி ஆறேழு மாதம் ஆன பிறகும் தாடையில் கெட்டி முடி மிச்சம் இருந்தால், அப்போது தோல் மருத்துவரிடம் போங்கள். கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசர்தான் பாதுகாப்பானது, ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா, ஈறு பல்லின் மேல் ஏறிக்கொண்டு வருகிறதா? சைக்ளோஸ்போரினும் அம்லோடிபினும் சேர்ந்தால் ஈறு தடிப்பது அதிகம். இருந்தால் அதையும் நாளை சொல்லுங்கள், பி.பி. மாத்திரையை மாற்றிப் பார்க்க இடம் இருக்கிறது, பல் டாக்டரிடம் ஒருமுறை சுத்தம் செய்துகொள்வதும் உதவும். முடியும் ஈறும் இரண்டுமே தொந்தரவு என்று சொல்லும்போது மருந்தை மாற்றும் பேச்சுக்கும் வலு கூடும், இது என் அனுபவம்.

மறுபடியும் “அதைப் பாருங்க, இதைப் பாருங்க” என்று அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இருக்கும். போன தடவை “முடி வளருது டாக்டர்” என்று சொல்லியிருப்பீர்கள். இந்த தடவை “முடியால் மூன்று வாரம் இரவு மாத்திரையை விட்டுவிட்டேன், டாக்ரோலிமஸுக்கு மாற்ற முடியுமா?” என்று சொல்லுங்கள். அந்த முதல் பாதியைக் கேட்டபின் எந்தக் கிட்னி டாக்டரும் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே பேச மாட்டார்.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். கிட்னி கொடுத்தவர் என்பதால் தினமும் கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனால் இரவு மாத்திரையை ஞாபகப்படுத்த வீட்டில் ஒருவர் வேண்டும் என்று தோன்றினால், காரணம் சொல்லாமலேகூட “ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டியா என்று கேளம்மா” என்று சொல்லி வைக்கலாம்.

கடைசியாக, அந்த மிச்ச மாத்திரைகள். மூன்று வாரமாகப் போடாதவை எங்கோ டிராயரிலோ பையிலோ இருக்கும். தூக்கிப் போட வேண்டாம். ஃபாயிலைப் பிரிக்காமல் வைத்திருந்தால் கெட்டிருக்காது, அந்த மாத்திரையைப் பிரித்ததும் ஒரு வாடை வரும், உங்களுக்கே தெரியும், சாப்பிடும் நேரத்துக்குத்தான் பிரிக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள். போனில் பேசும்போது அந்த எண்ணிக்கையையும் சொல்லுங்கள், நேரில் போகும்போது அட்டையோடு எடுத்துக்கொண்டு போங்கள். “கொஞ்ச நாள் விட்டுப்போச்சு” என்பதைவிட, எத்தனை வேளை என்று தெரிந்தால் அவருக்கு அடுத்த முடிவு எடுப்பது சுலபம்.